மைதான ஓரம்: கடிகாரம் யார் கையில்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கின்றன: மத்தியஸ்தர் நேரத்தைக் களவாடிவிட்டார். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடசாலை உதைபந்தாட்டப் போட்டிகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் விசில் ஊதியவன். ஆகையால் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வரிசையில் நின்றுகொண்டுதான் இவற்றை வாசித்தேன்.

கோண்டாவில் வாசகர்: ஐயா, என் மகன் ஓகையோவில் படிக்கிறான். அங்கே பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் அமெரிக்கக் காற்பந்து அவனுக்கு உயிர். 2024 ஒக்டோபரில் ஓகையோ ஸ்டேட் அணி ஒரிகன் அணியிடம் ஒரே ஒரு புள்ளியால் தோற்றது. கடைசி விநாடிகளில் ஒரிகன் பதினொருவருக்குப் பதிலாகப் பன்னிருவரை நிறுத்தியதாம். தண்டனை கொடுத்தும் லாபம் அவர்களுக்கே கிடைத்ததாம். தொலைபேசியில் இன்றுவரை இதையே சொல்லிக் கொதிக்கிறான். விதியை மீறியவர் லாபம் அடைய நடுவர் எப்படி விட்டார்?

பதில்: அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன். அங்கே சனிக்கிழமை இரவு, இங்கே ஞாயிறு விடியற்காலை ஐந்து மணி. ரொறன்ரோவிலிருந்து வந்து நின்ற மருமகன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கு விதிகளைச் சொல்லித் தந்தான். முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதற்குக் காற்பந்து என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்ற எரிச்சல் எனக்கு அரை மணி நேரத்தில் போய்விட்டது. கடிகாரத்தை வைத்து அவ்வளவு நுட்பமாக ஆடும் ஓர் ஆட்டத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். பந்தை வைத்திருக்கும் அணி 10 யார் தூரம் முன்னேற நான்கு முயற்சிகள். ஒரு பாதியில் ஒவ்வோர் அணிக்கும் மூன்று இடைநிறுத்தங்கள் உண்டு. வேண்டியபோது கேட்டுக் கடிகாரத்தை நிறுத்தலாம். எறிந்த பந்து பிடிபடாமல் நிலத்தில் விழுந்தாலும் கடிகாரம் நிற்கும். அந்தக் கடிகாரமோ மைதானத்தில் உள்ள கடைசி ஆளுக்கும் தெரியும்படி பெரிதாக ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

இனி உங்கள் மகனின் வேதனைக்கு வருகிறேன். ஒரிகன் 32, ஓகையோ ஸ்டேட் 31. மீதி பத்து விநாடி. தடுக்கும் பக்கத்தில் பன்னிரண்டாவது ஆள் நின்றதால் பந்தை எறிய இடைவெளி குறைந்தது. எறிந்த பந்து பிடிபடவில்லை. நடுவர்கள் மஞ்சள் கொடியை எறிந்து, பந்தை ஐந்து யார் தூரம் முன்னே நகர்த்தித் தண்டனை கொடுத்தார்கள். ஆனால் அந்த முயற்சியில் நான்கு விநாடி கரைந்துபோனது. அதைத் திருப்பிக் கொடுக்க அன்றைய விதியில் இடமில்லை. எஞ்சிய ஆறு விநாடியில் ஓகையோவின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறியும் ஆட்டக்காரர், பந்தோடு ஓடிச் சறுக்கி அமர்ந்தபோது கடிகாரத்தில் பூச்சியம் விழுந்தது.

நடுவர் எழுதியிருந்தபடியே செய்தார். ஓட்டை விதியில் இருந்தது. இப்படியான நிலைமைகளுக்கெல்லாம் நாங்கள் பயிற்சி எடுத்தோம் என்பதை ஒரிகன் பயிற்றுநர் டான் லானிங் மறைக்கவும் இல்லை. ஐந்து யார் தூரத்தை விலையாகக் கொடுத்து நான்கு விநாடியை வாங்கினால் அதற்குப் பெயர் வியாபாரம். அதைக் கெட்டித்தனம் என்று பாராட்டியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். சில நாள்களுக்குள் விதிக்குப் புதிய விளக்கம் வந்தது: ஒரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் தடுக்கும் அணி மேலதிக ஆளோடு ஆடினால், போன விநாடிகளை மீட்டுத் தரும்படி மற்ற அணி கேட்கலாம். அவ்வளவு விரைவாக அந்த ஓட்டை அடைபட்டதற்கு என் கணக்கில் ஒரே காரணம்தான். பத்து ஆறானதை எல்லோரும் கண்ணால் கண்டார்கள். யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

2025 ஜனவரி முதலாம் திகதி அதே ஒரிகனை ஓகையோ ஸ்டேட் 41க்கு 21 என்று வென்றது. அந்த மாதமே தேசியக் கிண்ணத்தையும் எடுத்தது. அடுத்த முறை மகன் கொதித்தால் இதை நினைவூட்டுங்கள்.

இளவாலை வாசகர்: எங்கள் பாடசாலை அணி ஒரு கோலால் பின்தங்கியிருந்தது. எதிரணியின் கோல் காப்பாளர் மூன்று தடவை காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஐந்து நிமிடமாவது போயிருக்கும். மத்தியஸ்தர் ஒரு நிமிடம்கூடச் சேர்க்காமல் ஊதிவிட்டார். எங்கள் தலைவர் போய்க் கேட்டதற்கு, "என் கடிகாரம்தான் கணக்கு" என்றார். இது நியாயமா, சேர்?

பதில்: நியாயமில்லை. அந்த வாக்கியத்தைக் கண்டதும் உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீண்டும் எடுத்தேன். அதே சொற்களை நானும் ஒரு பையனிடம் சொல்லியிருக்கிறேன்.

2004ஆம் ஆண்டு. பாடசாலைகளுக்கு இடையிலான ஓர் இறுதிப் போட்டி. மைதானத்தின் ஒரு பக்கம் பனங்கூடல், அதற்கு முன்னால் கிடுகு வேலி. வேலிக்கு அப்பால் பந்து நான்கு தடவை போனது. ஒரு தடவை கள்ளிப் புதருக்குள் மாட்டி, தடி கொண்டுவந்து தட்டி எடுத்தார்கள். மாலை வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியூர்ப் பிள்ளைகளின் பஸ்காரர் ஒலியெழுப்பியபடி நின்றார். நான் குறித்த நேரத்துக்கே ஊதிவிட்டேன். தோற்ற அணியின் இடதுபக்க ஆட்டக்காரன், பதினாறு வயது இருக்கும், மூச்சு வாங்கிக்கொண்டு வந்து கேட்டான்: "சேர், பந்து வேலிக்கு அங்கால் கிடந்த நேரத்தைச் சேர்த்தீர்களா?" மரியாதையாகத்தான் கேட்டான். சேர்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். "என் கடிகாரம்தான் கணக்கு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த போட்டியிலிருந்து இரண்டு கடிகாரம் கட்டத் தொடங்கினேன். ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். மற்றதை ஆட்டம் நிற்கும்போது நிறுத்தி, தொடங்கும்போது ஓடவிடுவேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய கடன்.

உதைபந்தாட்டத்தின் ஏழாவது விதி தெளிவானது. காயம், ஆள் மாற்றம், வேண்டுமென்றே நேரம் கடத்தல், தண்டனை வழங்கப் போன நேரம், நீர் அருந்தும் இடைவேளை ஆகியவற்றால் இழந்த நேரத்தை ஒவ்வொரு பாதியிலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவர் மத்தியஸ்தர். இந்தச் சுதந்திரத்துக்குள்தான் எல்லா நோயும் ஒளிந்திருக்கிறது. 1978 உலகக் கிண்ணத்தில் பிரேசிலும் சுவீடனும் 1-1 என்று நின்றபோது, மூலை உதை பறந்து வந்துகொண்டிருக்கையிலேயே வேல்ஸ் நாட்டு நடுவர் கிளைவ் தோமஸ் ஆட்டத்தை முடித்தார். பிரேசிலின் ஸீக்கோ தலையால் முட்டி வலைக்குள் அனுப்பிய பந்து கணக்கில் சேரவில்லை. ஏட்டின்படி அவர் தவறு செய்யவில்லை. இருந்தும் அந்த விசிலை இன்றுவரை யாரும் மறக்கவில்லை. மறுபக்கம், 2022இல் கட்டாரில் இங்கிலாந்தும் ஈரானும் ஆடிய ஆட்டத்தில் ஈரானியக் கோல் காப்பாளர் தலையில் அடிபட்டார். முதற்பாதிக்கு மட்டும் 14 நிமிடம் சேர்த்தார்கள். பலகையில் அந்த எண் வந்தபோது வீட்டில் நான் எழுந்து நின்றேன். இழந்ததை இழந்தபடியே எண்ணிக் கொடுத்தார்கள்.

மத்தியஸ்தர்களின் பக்கத்தையும் ஒன்று சொல்ல வேண்டும். அதே 2022இன் ஜனவரியில் ஆபிரிக்கக் கிண்ணப் போட்டியில் துனிசியாவும் மாலியும் ஆடிய ஆட்டத்தை சாம்பிய நடுவர் ஜானி சிகாஸ்வே 85ஆவது நிமிடத்தில் ஒருமுறை ஊதி முடித்தார். பிழை தெரிந்து தொடர்ந்தார். பிறகு 90 நிமிடம் நிறைவதற்குள் மீண்டும் முடித்தார். உலகமே சிரித்தது. வெப்பம் தாக்கி அவருக்கு நினைவு தடுமாறியிருந்தது என்பது பின்னர்தான் வெளிவந்தது. சித்திரை வெயிலில் நிழல் இல்லாத மைதானத்தில் இரண்டு போட்டிகளை அடுத்தடுத்து ஊதியவன் என்பதால் எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. நம் போட்டிகளில் மத்தியஸ்தருக்கு ஒரு போத்தல் தண்ணீர் கொடுக்க நினைப்பவர்கள் எத்தனை பேர்?

அதனால் நான் கேட்பது பெரிய விடயம் அல்ல. ஒவ்வொரு பாடசாலையிலும் தாங்கியில் நிறுத்தும் கரும்பலகை இருக்கிறது. அதை நடுக்கோட்டுக்கு அருகே வையுங்கள். உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் சுண்ணக்கட்டியோடு நிற்கட்டும். பந்து வெளியே கிடந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும், காயத்துக்கும் மத்தியஸ்தர் கைகாட்ட, அவர் ஒரு கோடு போடட்டும். முடிவில் எத்தனை கோடு என்று இரண்டு அணியும் பார்க்கட்டும். தீர்மானம் அப்போதும் மத்தியஸ்தருடையதுதான். ஆனால் "என் கடிகாரம்தான் கணக்கு" என்று சொல்லிவிட்டு யாரும் சைக்கிளை எடுக்க முடியாது. வலயக் கல்விப் பணிமனையில் இதை நான் இரண்டு தடவை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது தடவையும் கொடுப்பேன்.

வட்டுக்கோட்டை வாசகி: நடுவரின் தவறால் வென்ற அணி வெற்றியைத் திருப்பிக் கொடுத்த வரலாறு எங்கேயாவது உண்டா? அல்லது அது கதைகளில் மட்டும்தானா?

பதில்: உண்டு, பிள்ளை. அதுவும் அமெரிக்கப் பல்கலைக்கழகக் காற்பந்தில்தான். உங்கள் ஊரில் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கியபோது அந்த விளையாட்டு அவர்கள் நாட்டிலேயே பிறந்திருக்கவில்லை. முதலாவது பல்கலைக்கழக ஆட்டம் 1869இல்தான் நடந்தது.

1940 நவம்பர் 16. கோர்னெல் அணி தோல்வியே காணாமல் வந்துகொண்டிருந்தது. டார்ட்மவுத் அணிக்கு எதிராகக் கடைசி விநாடிகளில் அடித்து 7-3 என்று வென்றது. ஆட்டத்தின் படச்சுருளைப் பின்னர் போட்டுப் பார்த்தபோது, நான்கு முயற்சிகளுக்குப் பதிலாகத் தங்களுக்கு ஐந்து கிடைத்திருந்ததும், ஐந்தாவதில்தான் அடித்ததும் தெரிந்தது. நடுவர் தன் பிழையை ஒப்புக்கொண்டார். கோர்னெல் தந்தி அடித்து வெற்றியை விட்டுக்கொடுத்தது. பதிவேட்டில் இன்றும் டார்ட்மவுத் 3, கோர்னெல் 0 என்றுதான் இருக்கிறது.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1990 ஒக்டோபர் 6ஆம் திகதி, அதே பிழை கொலராடோவும் மிசூரியும் ஆடிய ஆட்டத்தில் நடந்தது. கடிகாரத்தை நிறுத்துவதற்காகப் பந்தை நிலத்தில் அடிப்பதும் ஒரு முயற்சியாகவே கணக்கில் வரும். அந்த அவசரத்தில் முயற்சியின் எண்ணைக் காட்டும் கம்பத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். ஏழு நடுவர்கள் களத்தில் நின்றும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கொலராடோ ஐந்தாவது முயற்சியில் அடித்து 33-31 என்று வென்றது. நடுவர்கள் இடைநிறுத்தப்பட்டார்கள். கொலராடோ வெற்றியை வைத்துக்கொண்டது. அந்தப் பருவத்தின் தேசியப் பட்டத்திலும் பங்கு பெற்றது.

இரண்டில் எது பெரிய அணி என்று என்னைக் கேட்டால், தந்தி அடித்ததைத்தான் சொல்வேன்.

நெல்லியடியிலிருந்து ஒரு பயிற்றுநர்: ஐயா, எல்லாப் பழியும் நடுவருக்கே வருகிறது. பயிற்றுநர்களாகிய நாங்கள் நேரத்தைச் சரியாகக் கையாள்கிறோமா? கொஞ்சம் எங்களையும் திட்டுங்கள்.

பதில்: கேட்டபடியால் சொல்கிறேன். அதே அமெரிக்கப் பல்கலைக்கழகக் காற்பந்தில், 2023 ஒக்டோபர் 7ஆம் திகதி மயாமி அணி ஜோர்ஜியா டெக் அணியை 20-17 என்று முந்தி நின்றது. பந்து மயாமியிடம். மீதி அரை நிமிடம் அளவுதான். எதிரணியிடம் இடைநிறுத்தம் ஒன்றுகூட இல்லை. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றினால் போதும்; கடிகாரம் தானாக ஓடி முடிந்துவிடும். மயாமி பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னது. ஓடியவர் பந்தைத் தவறவிட்டார். ஜோர்ஜியா டெக் எடுத்து, மீதி ஒரு விநாடி இருக்கையில் அடித்து 23-20 என்று வென்றது. பந்து தவறுவதற்கு முன்பே ஓடியவரின் முழங்கால் நிலத்தில் பட்டுவிட்டது, அந்த முயற்சி அத்தோடு முடிந்தது என்று மயாமி ரசிகர்கள் நடுவர்களைத் திட்டினார்கள். அது பட்டதா இல்லையா என்ற கேள்வியே எழுந்திருக்கத் தேவையில்லை. முழங்காலை ஊன்றச் சொல்லாத பயிற்றுநர் மரியோ கிறிஸ்டோபால், அப்படிச் செய்திருக்க வேண்டும் என்று பிறகு தானே சொன்னார்.

நம் ஊரில் இதற்குச் சமமானது என்ன? ஒரு கோலால் முந்தி நிற்கும்போது கடைசி நிமிடத்தில் பந்தை மூலைக் கொடிக்கு அருகே கொண்டுபோய் அணைத்து வைத்திருக்கப் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறீர்களா? அது விதிக்குள் அடங்கிய நேரக் கையாளல். ஆட்டமும் அங்கே உயிரோடு இருக்கிறது. கோல் காப்பாளரைக் காலைப் பிடித்துக்கொண்டு விழச் சொல்வது வேறு. அதைப் பக்கக் கோட்டில் நின்று சைகையால் சொல்லும் பயிற்றுநர்களை நான் கண்டிருக்கிறேன், பெயரும் தெரியும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொய்யாக நோகக் கற்றுக்கொடுப்பவர்கள் தயவுசெய்து இந்தத் தொழிலை விட்டுவிடுங்கள்.

ஒரு செய்தி: கோல் காப்பாளர் பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரம் பற்றிய விதி 2025இல் மாறிவிட்டது. எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை. கடைசி ஐந்து விநாடியை மத்தியஸ்தர் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கடிகாரம் என்று நான் சொல்வது இதைத்தான்.

உரும்பிராய் மாணவர்: காணொளி உதவி நமது போட்டிகளுக்கும் வந்துவிட்டால் இந்தச் சண்டைகள் எல்லாம் தீர்ந்துவிடும்தானே?

பதில்: தீராது, தம்பி. 2015இல் மயாமியும் டியூக்கும் ஆடிய ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் மயாமி வீரர்கள் பந்தை எட்டுத் தடவை பக்கவாட்டில் கைமாற்றி ஓடி அடித்தார்கள். அவர்களில் ஒருவரின் முழங்கால் நிலத்தில் பட்டிருந்தது. அத்தோடு ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். நடுவர்கள் ஒன்பது நிமிடம் அளவு காணொளியை ஆராய்ந்தும் அந்தப் புள்ளிகளை அனுமதித்தார்கள். மறுநாள் தொடர் நிர்வாகமே அது பிழை என்று அறிவித்து நடுவர் குழுவை இரண்டு போட்டிகளுக்கு இடைநிறுத்தியது. 30-27 என்ற முடிவு மட்டும் மாறவில்லை.

ஆனால் அவர்களிடமிருந்து ஒன்றை நாம் உடனே எடுத்துக்கொள்ளலாம். அங்கே தலைமை நடுவரிடம் ஒலிவாங்கி இருக்கிறது. எந்தத் தவறு, யார் செய்தது, என்ன தண்டனை என்று மைதானம் முழுவதும் கேட்கும்படி சொல்கிறார். 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் உதைபந்தாட்ட நடுவர்களும் காணொளி பார்த்த பிறகு அப்படி அறிவித்தார்கள். நமக்கு ஒலிவாங்கி வேண்டாம். அணித் தலைவர்கள் இருவரையும் அழைத்து ஒரு வரி சொன்னால் போதும். 2004இல் அந்தப் பையனுக்கு நான் கொடுத்திருக்க வேண்டியதும் அந்த ஒரு வரிதான்.

குருநகர் வாசகி: என் மகனுக்குப் பதினேழு வயது. முழங்காலில் அடிபட்டதால் இனி விளையாட முடியாது. மத்தியஸ்தர் பயிற்சிக்குப் போகப் போகிறேன் என்கிறான். மைதானத்தில் மத்தியஸ்தர்களுக்கு விழும் வசவுகளை நான் கேட்டிருக்கிறேன், ஐயா. போத்தல் எறிந்ததையும் கண்டிருக்கிறேன். அனுப்பப் பயமாக இருக்கிறது.

பதில்: அனுப்புங்கள், அம்மா. முதலில் சிறுவர் போட்டிகளில் கோட்டு நடுவராகக் கொடி பிடிக்கட்டும். வசவு விழும். முதல் ஆண்டில் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாலும் ஏன் என்று கேட்டுக் குடையாதீர்கள். தேநீரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். போத்தல் எறிகிற இடத்தில் ஆட்டத்தை நிறுத்த அவனுக்கு அதிகாரம் இருக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முழங்காலுக்கு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியஸ்தரும் ஓட வேண்டும்.

கடிகாரம் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். என்னுடைய இரண்டும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. நிறுத்தி ஓடவிடுகிற கடிகாரத்துக்குப் பட்டி அறுந்துவிட்டது; பெரியகடையில் மாற்றி வைக்கிறேன். ஆசிரியபீடத்துக்கு ஒரு வரி எழுதிவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் மகனை வரச் சொல்லுங்கள்.